வலது பக்கத்துத் தோல்

வைதோவா கிராமம், சவாயி
மார்ச் 3, 2010

திருமதி லூபே அவர்களுக்கு,

நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் என் உடம்பின் வலது பாதியில் தோலை உரித்துப் படமாக வரைந்தீர்கள். அந்தப் படம் அச்சாகி சமோவா முழுக்க ஊர் ஊராகத் தொங்கியது. உரித்த தோலை இன்றுவரை திருப்பிப் போடவில்லை. எனக்கு நடந்த அநியாயம் இதுதான். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இப்போது விசாரிக்கிறேன். நலமா?

இங்கே எல்லோரும் நலம். மழை போதவில்லை. ஈரப்பலா இந்த வருடம் சிறுத்துப் போய்விட்டது.

ஊரில் புதிய சுகாதார நிலையம் கட்டி முடித்திருக்கிறார்கள். யானைக்காலுக்கு மறுபடியும் மாத்திரை கொடுக்கப் போகிறார்களாம். நோயாளிகள் உட்காரும் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க நிணநீர்க் குழாய்களின் படம் வரைவதற்காக ஆப்பியாவிலிருந்து தலீதா என்ற பெண் வந்திருக்கிறாள். எதைப் பார்த்து வரையப் போகிறாள் தெரியுமா? கரையான் அரித்து மூலை மடங்கிய உங்கள் அச்சுப் படத்தைப் பார்த்து. அதில் இடது பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்தியிருக்கிறது. வலது பக்கம் பச்சையும் இல்லை, தோலும் இல்லை. கூரை உயரத்துக்கு வரைவாளாம். காகிதத்தையாவது கரையான் தின்னும். சுவரை எது தின்னும்?

பச்சை குத்திக்கொள்ளப் பாயில் படுத்து, வலி பொறுக்காமல் பாதியில் எழுந்து ஓடியவனை இந்த மண் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெட்கம் அவனோடு போகாது. அவன் பிள்ளைகள் மேலும் ஏறும். நான் எழுந்து ஓடவில்லை. அதற்கு நீங்களே சாட்சி.

ஆகவே நீங்கள் சுகாதார அலுவலகத்துக்கு எழுதி அந்தப் படத்தை நிறுத்த வேண்டும். அதோடு, மன்னிப்புக் கேட்கும் நம் முறைப்படி, உங்கள் வீட்டார் ஒருவர் விடியற்காலையில் நுண்பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு என் வீட்டு முன்னால் உட்கார வேண்டும். நான் உள்ளே கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிடுவேனா என்பதை இப்போதே சொல்ல முடியாது.

மரியாதையுடன்,
ஃபலனிகோ


மாங்கேரே, ஆக்லாந்து
மார்ச் 19, 2010

அன்புள்ள ஃபலனிகோ,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல சேதியோ கெட்ட சேதியோ என்று பிரிக்கவே பயம். பிரித்தால் ‘திருமதி’, ‘நீங்கள்’! “ஏ ஊசிக்காரி, இன்னைக்கு யாரு விரலைக் குத்தப் போற?” என்று தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாயே, அந்த ஃபலனிகோ எங்கே போனான்?

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. இங்கே குளிர் தொடங்கப் போகிறது. மகன் எலியா டாக்சி ஓட்டுகிறான். மருமகள் மோனிகா நல்ல பெண்தான், ஆனால் என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள்மேல் அவளுக்கு ஒரு கண். “மாமி, அதுல என்னதான் இருக்கு? எடுத்துப் போட்டுடலாமா?” என்று வாரம் தவறாமல் கேட்பாள். வாரம் தவறாமல் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

உன் மனைவி தோஏ இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. இப்போதாவது சொல்கிறேன், வருத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரரும் போய் நாளாகிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்தபிறகு அன்று முழுவதும் நான் மாங்கேரேயில் இல்லை. வைதோவா பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் இருந்தேன். தகரக் கூரையில் மழை. மழை விட்டதும் நுண்ணோக்கியின் சின்னக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வெயிலைப் பிடிப்போமே, நினைவிருக்கிறதா? முதன்முதலாக நீ அதில் கண்ணை வைத்தபோது என்ன கேட்டாய்?

“என்ன இது, நூல் மாதிரி நெளியுது?”

“உன் ரத்தம்தான். நூல் இல்லை, புழுவோட குஞ்சு.”

“என் ரத்தத்துலயா? என்னைக் கேக்காம எப்போ குடிவந்துச்சு?”

பிறகு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். சிவப்பணுக்களைக் கூட்டத்தில் நுழைகிறவன் மாதிரி இடித்துத் தள்ளிக்கொண்டு அது போனது. உனக்குப் பயமில்லை. “அழகா இருக்கே” என்றாய். அதைத்தான் படத்தின் மூலையில் வட்டத்துக்குள் வரைந்தேன்.

பாதி உடம்பைத் திறந்து வரைவது மருத்துவப் புத்தகங்களின் வழக்கம். ஒரு பக்கம் வெளியே தெரிவது, மறு பக்கம் உள்ளே நடப்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். அந்தப் படத்தைப் பார்த்துத்தானே மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தவர்கள் விழுங்க ஆரம்பித்தார்கள்? படகுக்காரர் பசீலியோவை மறந்துவிட்டாயா? படத்தின் இடது பக்கத்து வீங்கிய காலுக்கு மாதிரியாக அவர்தானே உட்கார்ந்தார்? அச்சுப் படம் வந்த அன்று படகுத்துறையில் ஒருவரை விடவில்லை. “பாருங்கய்யா, பச்சை ஃபலனிகோவுது, வீக்கம் என்னுது!” என்று இழுத்து இழுத்துக் காட்டினார்.

உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்புத் துணியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஊர் நடுவே ஒரு தடவை நடந்து போ. வழக்கு முடிந்தது.

பாய்க்கு அடியில் உட்கார என் முழங்கால் விடாது. எலியாவை அனுப்பினால் பாய்க்கு அடியிலேயே தூங்கிவிடுவான்.

இன்னொன்று. நீ பார்த்தது அச்சுப் படத்தை மட்டும்தான். அசலைப் பார்க்க உன்னைக் கூப்பிட்டேன். நீதான் வரவில்லை.

அன்புடன்,
லூபே


வைதோவா
ஏப்ரல் 8, 2010

லூபே அவர்களுக்கு,

சட்டையைக் கழற்று என்று எழுதியிருக்கிறீர்கள். இதையே சொன்னவர்கள் இங்கேயும் நிறைய இருந்தார்கள்.

அச்சுப் படம் ஊர்ச் சபை வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் பக்கத்து ஊரில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆகையால் அங்கே என்ன பேச்சு நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நடுத் தூணில் படத்தைக் கட்டினார்கள். சபைப் பேச்சாளர் திமோ முன்னால் வந்து, கைத்தடியை ஊன்றி நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

“அட, இது நம்ம ஃபலனிகோ பச்சையில்ல? இடது பக்கம் சரி. வலது பக்கத்தை எங்கேடா வச்சிட்டு வந்த?”

“பாவம், அந்தப் பக்கம் குத்தறப்போ அம்மா ஞாபகம் வந்திருக்கும்.”

“புழு எந்த வழியாப் போகுதுன்னு காட்டத்தான் படமாம். எனக்கு இவன் எந்த வழியா ஓடினான்னுதான் தெரியுது!”

கவா குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். ஒரு நாள் சிரிப்பு என்றுதான் நினைத்தேன். வைதோவாவில் என்னைத் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். ஆனால் படம் போன மற்ற ஊர்களில் என்னைத் தெரியாது, படத்தைத்தான் தெரியும். கல்யாணத்துக்குப் போனால், கிரிக்கெட் ஆடப் போனால், “பாதிப் பச்சை வந்துட்டான்” என்பார்கள். “கழட்டிக் காட்டுடா” என்பார்கள். கழற்றிக் காட்டியிருக்கலாம். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தவனுக்கு நான் ஏன் உடம்பைக் காட்ட வேண்டும்? அன்றிலிருந்து கணுக்கால் வரை துணி கட்டுகிறேன். வெறும் உடம்போடு ஆடும் எந்த ஆட்டத்திலும் ஆடவில்லை. என் மூத்த மகள் கல்யாணத்தில்கூட ஆடவில்லை. என் பச்சையை முழுதாகப் பார்த்தவர்கள் எல்லாம் இங்கே செத்துவிட்டார்கள். இளசுகளுக்கு அது உண்மையாகவே ஆகிவிட்டது. இதில் என் பிடிவாதமும் இருக்கிறது என்று தோஏ சொல்வாள். இருக்கட்டும். பிடிவாதம் என்னுடையது, படம் உங்களுடையது.

பச்சை முடிந்த நாளில் நீங்கள் இருந்தீர்கள். கிருமிநாசினிப் பாட்டிலோடு ஓரமாக நின்றீர்கள். பச்சை குத்தும் பெரியவர் உங்களைப் பார்த்து, “அந்தத் தண்ணியை வச்சுக்கோ தாயி, நாங்க பச்சை குத்தற சீப்பு உங்க பாட்டனுக்கும் மூத்தது” என்றார். கடைசியாகத் தொப்புளைச் சுற்றிக் குத்தினார்கள். பிறகு எண்ணெயும் மஞ்சளும் பூசி, பச்சை முடிந்ததற்கு அடையாளமாகத் தலையில் முட்டையை உடைத்தார்கள். மஞ்சள் வழிந்து கண்ணில் போனது. உங்கள் கைக்குட்டையைத்தான் கொடுத்தீர்கள். அதில் எத்தனை துவைத்தும் கறை போகவில்லை என்று பிறகு சண்டை போட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டுப் போன ஒரு பாதிரியாரிடமிருந்து உடற்கூறு புத்தகம் ஒன்றை வாங்கினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் படித்தேன். ஆசையால் அல்ல. உங்கள் படத்தில் ஒரு தப்பாவது கண்டுபிடித்து அலுவலகத்துக்கு எழுதி அதைக் கீழே இறக்க வேண்டும் என்பதற்காக. குழாய்கள் சரியாக இருந்தன. தொடை இடுக்கில் நெறிகட்டும் முடிச்சுகள் சரி. வலது காலின் நீரும் கடைசியில் இடது தோள் பக்கம் போய்த்தான் ரத்தத்தில் கலக்கிறது என்று காட்டியிருந்தீர்கள். அது நிச்சயம் தப்பு என்று நினைத்தேன். அதுவும் சரி. எனக்கு ஒரு தப்பும் அகப்படவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் கோபம்.

தலீதா சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டாள்.

அசல் என்கிறீர்களே, அதில் என்ன இருந்தது?

ஃபலனிகோ


மாங்கேரே
ஏப்ரல் 24, 2010

அன்புள்ள ஃபலனிகோ,

உன் கடிதத்தை மோனிகா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். கல்யாணத்தில் ஆடவில்லை என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். “மாமி, இவரு நிஜமாவே ஆடலியா? மகள் கல்யாணத்துக்கேவா?” ஆமாம், இவர் ஆடியிருக்கமாட்டார் என்றேன். எனக்கு அது தெரியாது, ஆனால் நீ எழுதியதும் ஆச்சரியமாக இல்லை.

அசலில் உனக்குத் தோல் இருந்தது.

வலது பக்கத்துக்குத் தனியாக ஒரு மரப்பட்டைத் துணி வெட்டி, அதன் மேல் உன் பச்சை முழுவதையும் வரைந்தேன். விளக்குக் கரியும் மரச்சாயமும். அதை வெளி ஓரத்தில் மட்டும் நூலால் தைத்துப் படத்தோடு சேர்த்தேன். மூடினால் முழு மனிதன். இடுப்புப் பக்கம் பிடித்துக் கதவு மாதிரித் திறந்தால் உள்ளே குழாய்கள். முதலில் மூடிக் காட்ட வேண்டும், இது நம் ஊர்க்காரன், முழு ஆண் என்று எல்லோரும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். பாதி திறந்த உடம்பை நம் ஜனங்கள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா, ஃபலனிகோ? நான் எந்த ஊர்ப் பெண்?

அச்சகத்துக்கு அனுப்பியது அலுவலகம். துணி தைத்த படத்தை அச்சடிக்க முடியாது என்று அங்கே இருந்தவர்கள் தோலைத் திறந்துவைத்து உள்ளே இருந்ததை மட்டும் படம் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் மூடி. கட்டுக்கட்டாக அச்சாகி வந்தபிறகுதான் எனக்கே தெரியும். சத்தம் போட்டேன். “குழாய் தெரியுதில்ல, அது போதும்” என்றார்கள்.

அசல் திரும்பி வந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கோக்கோ கொடுத்தார். நீ சேம்புத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். இலைகளுக்கு நடுவே உன் தொப்பி தெரிந்தது. “டேய், அந்தப் பொண்ணு வந்து உக்காந்திருக்குடா, எழுந்து வா” என்று உன் அம்மா கூப்பிடக் கூப்பிடத் தொப்பி அசையவில்லை. கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த மாதம் என்னை ஆப்பியாவுக்கு மாற்றினார்கள். அதற்கு மேல் நானும் வரவில்லை. எனக்கும் கொஞ்சம் ரோஷம் இருந்தது.

மோனிகா கேட்கும் பெட்டியில் இருப்பது அதுதான்.

தபாலில் போட மாட்டேன். மரப்பட்டைத் துணி மடிப்பில் பொடிந்துவிடும். யார் கையிலும் கொடுத்தனுப்பவும் மனம் வரவில்லை. என்ன செய்வது என்று நீயே சொல்.

லூபே


வைதோவா
மே 2, 2010

லூபே,

தலீதாவை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏணியை எடுத்து என் வீட்டில் வைத்துவிட்டேன். திருப்பிக் கேட்டாள். கடிதம் வரட்டும் என்றேன்.

சேம்புத் தோட்டத்தில் நான் ஒளிந்து உட்காரவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

துணியில் தொப்புளுக்கு மேல் வரும் கடைசிக் கோடு இருக்கிறதா? தொடையின் பின்பக்கம் பெரியவர் கை நடுங்கி ஒரு கோடு சற்று வளைந்துபோயிருக்கும். அது இருக்கிறதா? நன்றாகப் பார்த்து எழுது. இல்லாததை இருக்கிறது என்று எழுதாதே.

ஃபலனிகோ


மாங்கேரே
மே 11, 2010

ஃபலனிகோ,

பெட்டியைத் திறந்தேன். மோனிகா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கோடு இருக்கிறது. படத்தில் நீ முன்பக்கம் பார்த்து நிற்கிறாய், ஆகவே பின்தொடைக் கோடு தெரிய வழியில்லை. ஆனால் துணியைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கத்தில் அதையும் வரைந்துவைத்திருக்கிறேன். யாருக்கும் தேவையில்லாத கோடு. ஏன் வரைந்தேன் என்று இப்போது யோசித்தாலும் எனக்கு ஒரே ஒரு பதில்தான் வருகிறது. அதை உன்னிடம் சொல்லும் வயது போய்விட்டது.

ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. மற்றபடி கரி அழியவில்லை.

மோனிகா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “மாமி, இந்த ஆள் இன்னும் இருக்காரா?” என்று கேட்டாள். இருக்கிறார், கோபமாக இருக்கிறார் என்றேன்.

என்ன செய்ய வேண்டும்? சொல்.

லூபே


வைதோவா
மே 20, 2010

ஏ ஊசிக்காரி,

நீ எழுதியதை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தோலைத் திறந்துவைத்துப் படம் பிடித்தவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. “அது போதும்” என்று சொன்னவர்களையும் இல்லை. உன்னைப் பற்றி முடிவு செய்ய உன் படத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை வேலைகள் நிற்கக் கூடாது. யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஊர்ச் சபை பழைய அச்சுப் படத்தை நடுத் தூணிலிருந்து அவிழ்க்க வேண்டும். எரிக்க வேண்டாம். பசீலியோவின் பேரன்கள் கேட்கிறார்கள், தாத்தா கால் என்று. அவர்களுக்குக் கொடுத்துவிடட்டும்.

தலீதா சுவரில் உள்பக்கத்தை வரையட்டும். குழாய், முடிச்சு, இடது தோள்வரை போகும் வழி, மூலையில் வட்டத்துக்குள் புழு, எல்லாம் நீ வரைந்தபடியே. ஒன்றையும் மாற்றக் கூடாது. நான் சரிபார்த்தாகிவிட்டது.

ஊர்ப் பெண்கள் சங்கம் சுவர் அளவுக்கு மரப்பட்டைத் துணி அடித்துக் கொடுக்க வேண்டும். சம்மதித்துவிட்டார்கள். “தாத்தா, உங்க தொடைக்கு இவ்வளவு துணி வேணுமா?” என்று ஒருத்தி கேட்டாள். சுவரை அளந்த கயிற்றை அவள் கையில் கொடுத்தேன்.

என் மருமகன் இயோபு தச்சன். சுவரின் ஓரத்தில் மரச்சட்டம் அடித்து, துணி கதவு மாதிரித் திறந்து மூடும்படி கீல் போட வேண்டும். நூல் வேண்டாம், பித்தளைக் கீல்.

நான் நிற்பேன். பள்ளிக்கூடத்தின் கடைசி அறை இன்னும் இருக்கிறது. சட்டையைக் கழற்றி, துணியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வலது பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கும்படி முன்போலவே நிற்பேன். தோல் தொய்ந்துவிட்டது. கோடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. திறப்பு நாளில் ஆட்டம் உண்டு என்கிறார்கள். ஆடச் சொன்னால் ஆடுவேன்.

எலியா உன்னை விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். பெட்டியை மற்ற சாமான்களோடு போடவிடாமல் உன் மடியிலேயே வைக்கச் சொல்லி மோனிகா சண்டை போட வேண்டும். அவள் போடுவாள் என்று தோன்றுகிறது.

நீ புதுத் துணியில் வரைய வேண்டும். வேறு யார் வரைந்தாலும் நான் நிற்க மாட்டேன். நுண்பாய் வேண்டாம். தலையில் எதையும் போர்த்திக்கொண்டு என் வீட்டு முன்னால் வந்து உட்காராதே. படகுத்துறையிலிருந்து நேராக நடந்து வா, முழங்கால் வலித்தால் இயோபுவின் வண்டியில் வா. நான் சேம்புத் தோட்டத்தில் இருக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. பகலில் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் திறந்து காட்டலாம். ஆனால் தினமும் சாயங்காலம் சுகாதார நிலையத்தைப் பூட்டும் முன் யாராவது ஒருவர் அந்தத் தோலை மூடிவிட்டு வர வேண்டும். ஒரு நாளும் திறந்தபடி விடக் கூடாது. அந்த வேலையை நர்சிடம் கொடுக்க மாட்டேன், தலீதாவிடமும் கொடுக்க மாட்டேன். அது உன் வேலை.

ஆகையால் திரும்பிப் போக டிக்கெட் எடுக்காதே.

ஃபலனிகோ